அடியில ஒரு பொண்ணு

அந்தக் கவரைக் கொஞ்சம் திருப்பி வச்சுக்கிடுங்க அண்ணாச்சி, படம் வெளிய தெரியுது. ஒண்ணுமில்ல, லேமினேஷன்ல வெயில் பட்டுக் கண்ணு கூசுது, அவ்வளவுதான். ஆங், அப்படி. முகம் உள்பக்கமா இருக்கட்டும்.

மானங்காத்தா கோயிலுக்குப் போயிட்டு வாறீகளாக்கும். மெட்ராஸா? அதான பாத்தேன். யூடியூப்ல ஒருத்தன் வீடியோ போட்டுட்டான், அதுல இருந்து ஞாயித்துக்கிழமையானா கார் நிறுத்த எடம் கெடையாது. படம் நல்லாருக்கா? நல்லாருக்குன்னு நீங்க சொல்லுதீக. எங்க ஆளுக ஒருத்தன் வாயில இருந்து இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட அந்த வார்த்தை வரல, பாத்துக்கிடுங்க.

அதைச் செஞ்சது நான்தான்.

நம்பலையா? பஸ்ஸு ஊருக்குப் பிரியுத விலக்குல நின்னுச்சுல்லா, டீக்கடைக்கு மேல மாடியில போர்டு பாத்திருப்பீகளே, முருகையா டிஜிட்டல்னு. அந்த முருகையா நான்தான். ஃபிளெக்ஸ் கடை. கல்யாணம், சடங்கு, கண்ணீர் அஞ்சலி, கபடிப் போட்டி, சுத்துப்பட்டுல எல்லாம் நம்ம கைதான். அம்மன் படத்துலயும் கீழ மூலையில கடைப் பேரைச் சின்னதாப் போட்டிருந்தேன். கமிட்டியில அதை வெட்டிட்டானுக. அம்மனே சோசியக்காரர் கனவுல வந்து தன் முகத்தைக் காட்டுச்சாம். அப்புறம் எதுக்கு முருகையா பேரு? சரி, வெட்டிட்டுப் போங்கடான்னு விட்டுட்டேன். எனக்கென்ன.

சுத்தியுள்ள பன்னெண்டு ஊருக்கும் இப்பம் அந்த முகந்தான். முன்னல்லாம் எங்க பக்கத்து ஆளைப் பாத்து எந்தப் பக்கம்னு கேட்டா, வத்தலுக்குப் பேர் போன கரிசக்காடும்பான். இப்பம் கேட்டுப் பாருங்க, மானங்காத்தா மண்ணும்பான். ஆட்டோவுக்குப் பின்னால அவதான், பனியன்ல அவதான், கபடி டீமும் அவ பேருலதான், இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலும் அவ பேருலதான். பயலுக கையில பச்சை குத்திக்கிடுதானுக. இந்த பஸ்லயும் டிரைவர் தலைக்கு மேல ஒட்டிருக்கு, ஏறும்போதே பாத்துட்டேன். இந்தக் கம்பி மறைக்குதுன்னுதான் இந்த சீட்டுக்கு வந்தேன். பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் செஞ்ச படத்துக்கு நானே பயப்படுவனா?

ஒங்க கையில மஞ்ச நோட்டீஸ் ஒண்ணு குடுத்திருப்பாகளே, தல வரலாறுன்னு. ராசாவோட படைக்காரனுக பொண்ணு கேட்டு வந்தானுக, அவ மானத்தைக் காக்கக் கெணத்துல குதிச்சா, கெணத்துக்குள்ள இருந்து ஜோதி கெளம்புச்சு. படிச்சீகளா? அதை எழுதுனதும் நான்தான். ஒரு மத்தியானம், டீ ஆறதுக்குள்ள பாதி முடிஞ்சிருச்சு.

அதுக்கு முன்னால இருந்த கதை வேற. ஏழு அண்ணந்தம்பிக, ஒரு தங்கச்சி. எருமை மேய்க்க வந்த வேத்தாள் பையனோட அவ போயிட்டா. அண்ணன்மாரு தேடிப் போயி, தாயி, நடந்தது நடந்துபோச்சு, விருந்து வைக்கோம் வான்னு கூட்டிட்டு வந்தாக. கூட்டிட்டு வந்து கெணத்துல தள்ளிக் கல்லை வச்சு மூடிட்டாக. அப்புறம் ஏழு வீட்டுலயும் பிள்ளை தங்கல. பயந்துபோயிக் கும்புட ஆரம்பிச்சாக. அவ்வளவுதான் கதை. ராசாவும் கெடையாது, ஜோதியும் கெடையாது.

அப்பம் அவளுக்கு முகமும் கெடையாது. பேரு வெறும் கெணத்தடியா. மூடுன கல்லு, கல்லு மேல ஒரு ஓலைப்பெட்டி, பெட்டிக்குள்ள மடிச்ச சீலை ஒண்ணு. வருசத்துக்கு ஒரு நாள் கொடைத் திருவிழா. அன்னைக்கு அந்த ஏழு பேரு வகையறா, நாங்கதான் அது, ஆம்பளைக அத்தனை பேரும் கல்லுக்கு முன்னால முட்டி போட்டு, ‘நாங்கதான் தாயே’ன்னு சொல்லணும். மூணு தடவை, சத்தமா. எங்கப்பா சொல்லிருக்காரு, நானும் சொல்லிருக்கேன். நாங்க சொல்லி முடிச்சு எந்திரிச்சதும் பொம்பளைக அந்தப் பெட்டியைப் பாத்து அழுவாக. யாருக்காக அழுதாகளோ. அவுகவுக வீட்டுல போன பிள்ளையை நெனச்சிருப்பாக. முகம் இல்லாட்டா யாரை வேணும்னாலும் நெனச்சுக்கிடலாமே.

தங்கமாரின்னு என் சித்தப்பா மகன், கோயில் கமிட்டிச் செயலாளர். ஒம்பது வருசத்துக்கு முன்னால கடைக்கு வந்தான். “அண்ணே, வெளியூர்க்காரன் முன்னால முட்டி போட்டு, நாங்கதான் கொன்னோம்னு சொல்லுதது நல்லாவா இருக்கு? நாம என்ன கொலகாரப் பயலுகளா? சுத்தி எல்லா ஊர்லயும் அம்மனுக்கு முகம் இருக்கு, கதை இருக்கு. நமக்கு ஒரு பெட்டி. வெளிய சொன்னாச் சிரிப்பான். நீ நாலெழுத்துப் படிச்சவன். கவுரவமா ஒரு கதை எழுது, முகம் ஒண்ணு போடு”ன்னான்.

கதையை எழுதுனேன். மானங்காத்தாங்கிற பேரும் நான் வச்சதுதான். ஃபிளெக்ஸ்ல ஒரே வரியில உக்காரும்லா, அதுக்காக வச்சேன். அடுத்த கொடையிலயே முட்டி போடுததை நிறுத்தியாச்சு. அவளா குதிச்சான்னு எழுதியாச்சே, அப்புறம் யாரு யாருகிட்ட என்னத்துக்கு மன்னிப்புக் கேக்க?

முகந்தான் அமையல. நெட்டுல இருந்து எடுத்து ஏழெட்டுப் போட்டுக் காமிச்சேன். தங்கமாரி ஒதட்டைப் பிதுக்கிட்டான். “வடக்கத்திப் பொண்ணு மாதிரி இருக்குண்ணே. நம்ம ஊர்ச்சாயல் வேணும். பாத்தா நம்ம வீட்டுப் பிள்ளைன்னு தோணணும்”னான்.

எங்கக்கா ஒருத்தி உண்டு. ஜெயக்கொடி. என்னைய விட ரெண்டு வயசு மூப்பு, டீச்சர் ட்ரெய்னிங் படிச்சவ. பரிட்சை ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த கறுப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு கடை மேசைக்குள்ள கெடந்துச்சு. அவ போயிச் சேந்து அப்பமே பதினஞ்சு வருசம். வயித்து வலி. எங்க பக்கத்துல பொம்பளைப் பிள்ளைகளுக்கு அது சாஸ்தி, தண்ணி சரியில்ல. வலி தாங்காம மருந்தைக் குடிச்சிட்டா.

ஏன் அந்த போட்டோவை எடுத்து ஸ்கேன் பண்ணேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. கை போயிருச்சு. மேல கிரீடம் வச்சேன், மூக்குத்தி போட்டேன், நெத்திச்சுட்டி, மஞ்ச நெறம், பின்னால ஜோதி. கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணும் ஒரு லேயர், கண்ணாடித்தாளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குத மாதிரி. கண்ணை மட்டும் மூணு தடவை மாத்துனேன். பெருசாக்கிப் பாத்தேன், ஓரமாப் பாக்க வச்சேன். எப்படி வச்சாலும் கடைசியில என்னையத்தான் பாத்துச்சு. சரி, பாத்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

மொத பிரிண்டு இருபதடி. மிஷின்ல முகம் ஒரேயடியா வராது அண்ணாச்சி, மேல இருந்து வரி வரியா எறங்கும். கிரீடம் வந்துச்சு, நெத்தி வந்துச்சு. கண்ணு வந்தப்பம் மை காயாம ஈரமா மினுங்குச்சு. மிஷினை நிறுத்திட்டேன். நிறுத்துனா, வாயில்லாம பாதி முகத்தோட என்னைப் பாத்துட்டு நிக்கா. மறுபடியும் ஆன் பண்ணிட்டுக் கீழ போயி டீ குடிச்சேன். வாய் வந்ததை நான் பாக்கல.

ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியல. இது நம்ப முடியுதா பாருங்க. இருபத்திநாலு வருசம் அதே தெருவுல நடந்த பிள்ளை, தங்கமாரிக்கு அவதான் வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தா. ஒரு கிரீடத்தை வச்சதும் எவனுக்கும் அடையாளம் தெரியல. விழுந்து விழுந்து கும்புடுதானுக. ரெண்டு பேருக்குத்தான் தெரிஞ்சிச்சு. எங்கம்மைக்கும் எங்கப்பாவுக்கும்.

அம்மை ஒண்ணும் கேக்கல. அன்னையில இருந்து என்கிட்ட எதுவுமே கேக்கல. சோத்தை வைப்பா, தண்ணியை வைப்பா, போயிருவா. காலையில எந்திரிச்சதும் கோயிலுக்குப் போயி அந்தப் படத்துக்கு முன்னால உக்காந்துக்கிடுவா. பக்தி முத்திப்போச்சுன்னு ஊர்ல பேசிக்கிட்டாக.

அப்பா கதை வேற மாதிரி. ஊர் முகப்புல ஆர்ச்சு கட்டி அந்த முகத்தை மேல வச்சானுக. வெளிய போகணும்னா அதுக்குக் கீழதான் போகணும். அப்பா போகல. ஏழு வருசம் ஊரைத் தாண்டல அண்ணாச்சி. கூடப் பொறந்த தங்கச்சி சாவுக்குப் போகல. கடைசியில நெஞ்சுவலின்னு கார்ல ஏத்தித்தான் கொண்டு போனோம். ஆர்ச்சு வரவும் துண்டை எடுத்து மூஞ்சியில போட்டுக்கிட்டாரு. ஆஸ்பத்திரியில துண்டை வெலக்கிப் பாத்தா உயிர் இல்ல. கமிட்டியில என்ன பேசுனானுக தெரியுமா? அம்மன் உத்தரவு இல்லாம எல்லையைத் தாண்டாத பக்தராம். அடுத்த வருச நோட்டீஸ்ல அதையும் சேத்தாச்சு. கடைசிப் பத்தி, படிச்சுப் பாருங்க. டைப் அடிச்சது நான்தான்.

கோயில்ல மீன் சோறு சாப்ட்டீகளா? நல்லாருந்துச்சா? அது போன வருசத்துல இருந்துதான். பழைய வழக்கம்னு ஒங்ககிட்டச் சொல்லிருப்பாக, நம்பாதீக. காப்புக் கட்டுன ஊர்ல மீன்வாடையே ஆகாது. போன வருசக் கொடையில பக்கத்து ஊர்ல வாக்கப்பட்ட ஒரு பொம்பளை, முப்பது வயசிருக்கும், எனக்கு முன்னப்பின்ன தெரியாது. அவளுக்குச் சாமி வந்துச்சு. எல்லாரும் மானங்காத்தா வந்தா கர்ஜிப்பான்னு பாக்காக. இவ ஒரு சத்தமும் போடல. கூட்டத்தை வெலக்கிட்டு நேரா என்கிட்ட வந்தா. சட்டையைப் புடிச்சுக்கிட்டு, மெதுவா, வீட்டுல கேக்கது மாதிரி, “மீன் கொழம்பு எங்கடா தம்பி?”ன்னா.

அம்மை பக்கத்துலதான் நின்னா. கூட்டமே முழிக்குது. தங்கமாரி விவரமானவன்லா, ஒடனே மைக்கைப் புடுங்கி, அம்மன் மீன் படையல் கேக்கான்னு சொல்லிட்டான். அன்னைக்கே ஆளனுப்பி மீன் வாங்கியாந்து படைச்சாக. இந்த வருசம் பன்னெண்டு ஊர்லயும் மீன். நான் தொடல. மீன் எனக்கு ஆகாது, ரொம்ப வருசமா.

அந்தப் பொம்பளைக்கு எப்படித் தெரியும்னுதான் எனக்கு இன்னும் பிடிபடல. அது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம்.

சொல்லுதேன். நீங்க யாரோ, நான் யாரோ. எறங்குனா மறந்துருவீக.

அக்கா ஒருத்தரைப் பதிவுக் கல்யாணம் பண்ணிட்டு தூத்துக்குடியில ஒரு ஒத்த ரூம்ல இருந்தா. வேத்தாளு. குணமான மனுசந்தான், நான் போனப்பம் ஓடிப்போயி எனக்குக் கலர் சோடா வாங்கிட்டு வந்தாரு. அப்பாதான் என்னைய அனுப்புனது. ஒன்னையப் பாத்தாத்தான் வருவா, பெரியவுக வந்தா பயப்படுவான்னாரு. ஒண்ணும் செய்ய மாட்டோம்னு கெணத்தடியா கல்லுல அடிச்சு சத்தியம் பண்ணாரு. எனக்கு அப்பம் இருபத்திரெண்டு வயசு. அப்பா சத்தியம் பண்ணா நம்ப மாட்டமா? நான் போயி, “அக்கா, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அம்மை ஒனக்குன்னு சாளை மீன் கொழம்பு வச்சிருக்கா. சாப்ட்டுட்டு நாளைக்கே திரும்பிரலாம்”னேன். அவரு யோசிச்சாரு. அவ யோசிக்கவே இல்ல. செருப்பை மாட்டிட்டு, “தம்பி வந்திருக்கான்ல, பெறகென்ன”ன்னு கெளம்பிட்டா. பஸ்ல என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டே வந்தா.

வீட்டுல அன்னைக்கு மீன் கொழம்பே வைக்கல. அதை நானாத்தான் சொன்னேன்.

மூணாம் நாளு வயித்து வலி. நான் வீட்டுல இல்ல. என்னைய ஒரு வேலையாக் கோவில்பட்டிக்கு அனுப்பிட்டாக. வந்து பாக்கும்போது எல்லாம் முடிஞ்சு, எரிச்சும் ஆச்சு. நான் என்ன செஞ்சேன் சொல்லுங்க? கூப்புட்டேன், வந்தா. நான் யாரையும் தொடல.

சரி, அது போகட்டும். எங்கயோ போயிட்டேன். எனக்கு ஒரே மக, தாரணி. திருநெல்வேலியில பி.எஸ்சி. படிச்சுட்டு அங்கயே ஒரு கம்பெனியில வேலை. லீவுல வந்தா கடையில உக்காந்து டிசைன் பண்ணுவா, என்னைய விடக் கெட்டி. போன பொங்கலுக்கு வந்தப்பம் அம்மன் ஃபைலைத் தொறந்து வச்சு ஒவ்வொரு லேயரா அணைச்சிருக்கா. ஜோதி போச்சு, கிரீடம் போச்சு, மூக்குத்தி போச்சு, மஞ்ச நெறம் போச்சு. திடீர்னு, “அப்பா, அடியில ஒரு பொண்ணு இருக்கு”ன்னு கூப்புட்டா.

நான் போகல. உக்காந்த எடத்துல இருந்தே, ஒங்க அத்தைன்னேன்.

“எப்படி எறந்தாங்க?”

“வயித்து வலி.”

“எந்த ஆஸ்பத்திரியிலப்பா காமிச்சீங்க?”

இந்தக் கேள்வியை இத்தனை வருசத்துல ஒருத்தர் கேக்கலையே அண்ணாச்சி. போலீஸ் கேக்கல, ஊர் கேக்கல, நானும் கேக்கல. ஃபைலை மூடு தாயின்னேன். மூடிட்டா. ஆனா மறுநா வரைக்கும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா. அக்கா சாயல் அவளுக்கு அப்படியே இருக்கு. ரோட்டுல போனா வெளியூர்க்காரப் பொம்பளைக அவளைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிடுதாக.

போன வியாழக்கிழமை அவ கல்யாணம் பண்ணிட்டா. கூட வேலை பாக்குத பையன். ஆமா, வேத்தாளுதான். திருநெல்வேலி மகளிர் ஸ்டேஷன்ல போயிப் பாதுகாப்புக் கேட்டு இருக்கா. இன்ஸ்பெக்டர் அம்மா போன் பண்ணி, அப்பா மட்டும் வாங்க, பேசிக்கிடலாம்னாங்க.

வீட்டுக்கு அத்தனை பேரும் வந்துட்டானுக. தங்கமாரி மகனுக்குப் பத்தொம்பது வயசு, கையில அந்த முகத்தைப் பச்சை குத்திருக்கான். அவன் எந்திரிச்சு எனக்கே சொல்லுதான்: “பெரியப்பா, நம்ம அம்மன் யாரு? மானத்துக்காகக் கெணத்துல குதிச்சவ. அந்த மண்ணுல பொறந்துட்டு நம்ம வீட்டுப் பிள்ளை இப்படிப் பண்ணலாமா?” நான் எழுதுன வரி அண்ணாச்சி. புள்ளி, கமா மாறாம அப்படியே சொல்லுதான். அது நான் டீக்குடிச்சுக்கிட்டு எழுதுனதுடான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. யாரு நம்புவா? பத்து வயசுல இருந்து அவன் வளந்ததே அந்தக் கதைக்குள்ளதான்.

பழைய கதையா இருந்திருந்தா, இவனும் முட்டி போட்டு நாங்கதான்னு சொல்லி வளந்திருப்பான். என்னவோ, இப்பம் அது எதுக்கு.

தங்கமாரி தங்கமா பேசுனான், அதையும் சொல்லணும். “அண்ணே, ஒண்ணும் செய்ய மாட்டோம். கூட்டிட்டு வந்து ஊரறிய நல்லபடியா முடிச்சு வைப்போம். நீ பஸ்ல போ, கார்ல கூட்டமாப் போனா போலீஸ் சந்தேகப்படும். ஒன்னையப் பாத்தா வருவா. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டு வா, நாங்க பைபாஸ்ல கார்ல நிக்கோம்”னான். அம்மன் படத்துல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணான். அந்தப் படத்துல. நான் நல்லதுன்னுதான் சொன்னேன். அவன் மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

காலையில கெளம்புதேன். அம்மை அடுப்படியில இருந்து வெளிய வந்து நின்னா. ஒம்பது வருசத்துல என்கிட்ட அவ கேட்ட மொத கேள்வி. “மீன் கொழம்பு வைக்கட்டா?”ன்னா.

அப்படியே வந்து இந்த பஸ்ல ஏறிட்டேன்.

போகாம எறங்கிப் போயிருங்கன்னு சொல்லுதீக. நான் எறங்கிட்டா அவ அம்மையை, என் வீட்டுக்காரியை அனுப்புவானுக. அவளும் நம்பித்தான் போவா, அழுது கூப்புடுவா, பிள்ளை எறங்கி வந்துரும். சரி, நான் போயி வராதன்னு சொல்லிரலாம்தான? முடியாது அண்ணாச்சி. என் வாயி எனக்குத் தெரியும். பிள்ளை முகத்தைப் பாத்ததும், அப்பா இருக்கேன், வா தாயின்னுதான் வரும். அப்படியே பழகிப்போச்சு.

என் நம்பரை அவ பிளாக் பண்ணல. அதுதான் எனக்குப் பயமே. நேத்து ராத்திரி கூட, அப்பா சாப்ட்டீங்களான்னு மெசேஜ் போட்டிருக்கா.

ஒங்க போனைக் கொஞ்சம் எடுங்க. அவ நம்பரைச் சொல்லுதேன், நீங்களே பேசுங்க. ஒங்க அப்பா வந்துக்கிட்டிருக்காரு, அவரு கூடப் போகாத, அழுதாலும் போகாத, சத்தியம் பண்ணாலும் போகாதன்னு சொல்லுங்க. பைபாஸ்ல கார் நிக்கிறதையும் சொல்லுங்க, இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லச் சொல்லுங்க. யாரு நீங்கன்னு கேப்பா. யாரு பேரை வேணும்னாலும் சொல்லிக்கிடுங்க. அப்பா சொல்லச் சொன்னாருன்னு மட்டும் சொல்லிராதீக அண்ணாச்சி. அதைச் சொன்னா, எங்க அப்பா நல்லவருன்னு நம்பி வந்துருவா.